ஹெல்மெற் போட்ட றக்பி இல்லை

அமெரிக்கன் ஃபுட்போலை முதல் தடவை பார்க்கிற எங்களில் கனபேர் சொல்லுறது, "இது ஹெல்மெற் போட்ட றக்பி." அடுத்தது, "ஏன் இப்பிடி அடிக்கடி நிப்பாட்டுறாங்கள்?" நாங்களும் அப்படித்தான் சிரித்தோம். ஆனால் அந்த நிப்பாட்டல் விளங்கினால்தான் ஆட்டமே விளங்கும்.

றக்பியில் ஆளைப் பிடித்து விழுத்தினாலும் ஆட்டம் தொடரும். விழுந்தவர் பந்தை விடவேணும். இரண்டு அணியும் அதற்கு மல்லுக்கட்டும். அமெரிக்க ஆட்டத்தில் விழுந்ததும் அந்த முயற்சி முடிந்தது, ஆனால் பந்து அதே அணியிடம்தான். 4 முயற்சிக்குள் 10 யார்ட் முன்னேறினால் புதிதாக 4 முயற்சி கிடைக்கும். பந்தில்லாத எதிராளியை மறிப்பது றக்பியில் குற்றம், இங்கே அது பாதி ஆட்டம். றக்பியில் பந்தைப் பின்னால்தான் எறியலாம். இங்கே ஒரு முயற்சியில் ஒரு தடவை முன்னாலும் எறியலாம்.

இந்த விதிகள் ஒண்டும் வானத்திலிருந்து விழவில்லை. 1881இல் பிரின்ஸ்டனும் யேலும் ஆளுக்கொரு பாதி பந்தை விடாமல் வைத்திருந்து ஆட்டத்தையே சாகடித்தார்கள். அதனால்தான் 1882இல் முயற்சிகளுக்கு எல்லை வந்தது: முதலில் 3 முயற்சி, 5 யார்ட். பிறகு 1905 பருவத்தில் குறைந்தது 18 பேர் ஆடி இறந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகக்காரரை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார். 1906இல் முன்னோக்கி எறிவது சட்டமானது. ஆட்கள் ஒரே இடத்தில் குவிந்து மோதுவதைக் குறைக்கத்தான் அது.

இப்போதைய ஆபத்து மைதானத்தில் தெரியாது. 2002இல் இறந்த மைக் வெப்ஸ்டரின் மூளையை ஆராய்ந்த மருத்துவர் பெனட் ஒமாலு, திரும்பத் திரும்ப மோதியதால் வரும் மூளைச் சிதைவை அதில் கண்டு 2005இல் வெளியிட்டார். ஹெல்மெற் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதால் நிப்பாட்ட ஏலாது.

சில விதிகள் மாறியிருக்கு, உண்மைதான். போதாது எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம். "இன்னும் மாத்தினா ஆட்டம் கெட்டுப்போகும்" எண்டு சொல்லுறவைக்கு ஒரு பதில் இருக்கு: நீங்கள் எழும்பி நிண்டு கைதட்டுற அந்த நீண்ட எறிதலே, ஆட்கள் செத்த பிறகு வந்த மாற்றம்தான். 1905இல் சாவு உடனே கண்ணில் பட்டது. இப்ப அது ஆடி ஓய்ந்து பல வருசத்துக்குப் பிறகு வீட்டுக்குள்ள வருது. அதுக்காக அது சாவு இல்லை எண்டு ஆகுமா?