பெயர் இல்லாத பட்டியலால் யாருக்குப் பயன்? தகவல் உரிமைச் சட்டத் திருத்தம் எழுப்பும் கேள்விகள்

அரசு ஒதுக்கும் பணம் பாதி வழியிலேயே கரைந்துவிடுகிறது, வேலைக்கே வராதவர் கூலி வாங்குகிறார், வசதியுள்ளவர் பெயர் ஏழைகள் பட்டியலில் இருக்கிறது என்பன போன்ற கருத்துகளை நாட்டின் எந்தத் தேநீர்க் கடையிலும் கேட்கலாம். கேட்கும் அதிகாரி சிரித்துவிட்டுப் போகலாம். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அதே ஐயத்தை ஒருவர் வருகைப் பதிவேட்டின் நகலுடன் முன்வைத்து, இன்ன தேதியில் இன்னார் பெயரில் இவ்வளவு கூலி எழுதப்பட்டுள்ளது என்று சுட்டிக்காட்டினால் நிலைமை மாறிவிடும். அந்த நகலைப் பெறும் வழியைத்தான் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 10 ரூபாய் கட்டணத்தில் குடிமக்களுக்குத் திறந்துவிட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை.

அச்சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு இப்போது மாற்றப்பட்டுள்ளது. 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3)ஆம் பிரிவு இந்தத் திருத்தத்தைச் செய்தது. அச்சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டபோது இந்தத் திருத்தம் உடனடியாக நடைமுறைக்கு வந்தது. குடிமக்களின் தரவுகளைப் பாதுகாக்க நிறுவனங்கள் செய்ய வேண்டிய ஏற்பாடுகளுக்கோ மாதக்கணக்கில் அவகாசம் தரப்பட்டது. எது அவசரம், எது பொறுக்கலாம் என்று அரசு கருதியது என்பதற்கு இந்த வரிசையே போதிய சான்று.

திருத்தம் செய்தது இவ்வளவுதான். முன்பு தனிநபர் தொடர்பான தகவலை மறுக்க வேண்டுமானால், அது பொது நடவடிக்கைக்கோ பொது நலனுக்கோ தொடர்பற்றதாக இருக்க வேண்டும்; அல்லது அதை வெளியிடுவது ஒருவருடைய அந்தரங்கத்தில் தேவையற்ற தலையீடாக அமைய வேண்டும். அப்போதும்கூடப் பரந்த பொதுநலன் இருப்பதாகத் தகவல் அலுவலர் கருதினால் தகவலைத் தரலாம். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற நிபந்தனையும் அதனுடன் சேர்ந்திருந்தது. இப்போது இவை எல்லாம் நீக்கப்பட்டு, தனிநபர் தகவல் என்ற ஒன்று மட்டும் மறுப்புக்குரிய காரணமாக எஞ்சி நிற்கிறது.

இதனால் உரிமை எதுவும் பறிபோகவில்லை என்பது மத்திய அரசின் நிலைப்பாடு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்ததை அரசு சுட்டிக்காட்டுகிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2)ஆம் பிரிவு தொடர்வதால், பொதுநலன் மேலோங்கும் இடங்களில் தகவலை வெளியிடத் தடையில்லை என்றும் அது வாதிடுகிறது. தகவல் மனு சில வேளைகளில் பழிவாங்கும் கருவியாகப் பயன்பட்டிருப்பதும் உண்மையே. ஊழியர் ஒருவரின் மருத்துவ விடுப்பு விவரங்களையும் குடும்பச் சிக்கல்களையும் கேட்டு மனுப் போடுபவர் ஊழலை ஒழிப்பவர் ஆகிவிட மாட்டார்.

ஆனால் அத்தகைய மனுக்களை நிராகரிக்கப் பழைய வாசகமே போதுமானதாக இருந்தது. ஊழியரின் சொத்து விவரம், ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை போன்றவை தனிப்பட்ட தகவல்களே என்று 2012ஆம் ஆண்டில் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது பழைய பிரிவின் அடிப்படையில்தான். அத்தீர்ப்பே அளவுக்கு மீறி மறுப்புக்குக் கதவைத் திறந்தது என்று தகவல் உரிமைச் செயற்பாட்டாளர்கள் நெடுநாளாகக் குறைகூறி வருகின்றனர். தனியுரிமை குறித்து ஆராய்ந்த நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான குழுவும் (2012), நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழுவும் (2018) இந்த அளவுக்குச் செல்லவில்லை. ஏற்படும் தீங்கையும் பொதுநலனையும் எடைபோட்டு முடிவெடுக்கும் முறையையே ஸ்ரீகிருஷ்ணா குழு பரிந்துரைத்தது. அந்தத் தராசு இப்போது அந்தப் பிரிவிலேயே இல்லை.

எஞ்சியிருக்கும் 8(2)ஆம் பிரிவின் வலிமையையும் சற்று உற்றுநோக்க வேண்டும். பொதுநலன் மேலோங்கினால் பொது அதிகார அமைப்பு தகவலைத் தரலாம் என்கிறது அது. தர வேண்டும் என்று கட்டளையிடவில்லை. பழைய பிரிவில் இந்த முடிவு விண்ணப்பத்தைக் கையில் வைத்திருக்கும் தகவல் அலுவலரிடமே விடப்பட்டிருந்தது. 8(2)இல் அது ஒட்டுமொத்த அமைப்பின் விருப்புரிமையாகிறது. இதைவிட முக்கியமான சிக்கல் ஒன்றும் உண்டு. தகவல் கேட்பவர் காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை என்று 6(2)ஆம் பிரிவு உறுதியளிக்கிறது. மறுப்பு நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது என்கிறது 19(5). பெயர் இடம்பெற்ற எந்த ஆவணமும் தனிநபர் தகவல் என்று ஆகிவிட்டால், அலுவலர் அந்தப் பொறுப்பை ஒற்றை வரியில் நிறைவேற்றிவிடலாம். பொதுநலன் இன்னதென்று விளக்கும் வேலை நடைமுறையில் கூலித் தொழிலாளியின் தலையில் விழுகிறது.

இது வெறும் சட்ட நுணுக்கம் என்று தோன்றினால், இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதை நினைவுகூர வேண்டும். அது பிறந்த இடம் தில்லியின் கருத்தரங்க மண்டபம் அன்று. ராஜஸ்தானில் வறட்சி நிவாரணப் பணிகளில் குறைந்தபட்சக் கூலி கேட்ட தொழிலாளர்களுக்கு, நீங்கள் செய்த வேலையின் அளவு குறைவு, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. பதிவேட்டைக் காட்டுங்கள் என்றபோது, அது அரசு இரகசியம் என்றனர். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் உள்ளூர் மக்களுடன் இணைந்து 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, கிடைத்த ஆவணங்களை ஊர் நடுவே உரக்கப் படித்துக் காட்டும் பொது விசாரணைகளை நடத்தியது. 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் முதல் விசாரணை நடந்தது. இத்தகைய விசாரணைகளில் படிக்கப்பட்டவை பெரும்பாலும் பெயர்களே. படிக்கப் படிக்க, நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே என்று கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து நிற்பார்.

ஊராட்சி ஆவணங்களின் நகல்களைத் தருவதாக 1995இல் அன்றைய முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டாகியும் உத்தரவு வராததால், 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா நடந்தது. கூலிக்காகத் தொடங்கிய போராட்டம் காகிதத்துக்கான போராட்டமாக மாறியதைப் பலர் அப்போது வியப்புடன் பார்த்தனர். மாநிலச் சட்டங்களில் முதலாவது தமிழ்நாட்டில் 1997இல் வந்தது என்றாலும், விதிவிலக்குகள் மலிந்த அச்சட்டத்தால் விளைந்த பயன் சொற்பம். நாடாளுமன்றம் 2002இல் இயற்றிய தகவல் சுதந்திரச் சட்டம் நடைமுறைக்கு வராமலேயே நீக்கப்பட்டது. இன்றுள்ள சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக அமலில் உள்ளது.

கோட் கிரானாவில் பெயர்களை மறைத்துவிட்டு, 140 பேருக்குக் கூலி வழங்கப்பட்டது என்ற மொத்தக் கணக்கை மட்டும் யாரேனும் படித்திருந்தால் எவரும் எழுந்து நின்றிருக்க மாட்டார்கள். மொத்தத் தொகையில் மோசடி தென்படாது. வரிசை எண்ணுக்கு எதிரே உள்ள பெயரில்தான் தென்படும். ரேஷன் கடையின் விநியோகப் பதிவேடு, வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியல், ஒப்பந்தக்காரரின் பட்டுவாடாச் சீட்டு ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும்.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. ஊரக வேலை உறுதித் திட்டத் தொழிலாளர்களின் வருகை 2023 ஜனவரி முதல் கைப்பேசிச் செயலியில் புகைப்படத்துடன் பதிவுசெய்யப்படுவது கட்டாயமாக்கப்பட்டது. வெயிலில் வரிசையாக நின்ற பெண்களின் படங்கள் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி ஏற்றப்பட்டன. அந்தப் படத்தைச் சரிபார்த்துக் கூலிக்கு ஒப்புதல் தந்த அலுவலர் யார் என்று கேட்பது தனிநபர் தகவல் என்று இனி மறுக்கப்படக்கூடும். தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகத் தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ளும் அதிகாரத்தை 17(2)ஆம் பிரிவில் மத்திய அரசுக்கே வழங்கியிருக்கிறது.

தவறான மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாமே என்ற வாதமும் உண்டு. முதல் மேல்முறையீடு அதே துறையின் மூத்த அலுவலரிடம் செல்கிறது. இரண்டாவது, தகவல் ஆணையத்துக்குச் செல்கிறது. நாடு முழுவதும் ஆணையங்களில் தேங்கியுள்ள மேல்முறையீடுகளும் புகார்களும் 4 இலட்சத்தைத் தாண்டிவிட்டன என்று சதர்க் நாகரிக் சங்கடன் அமைப்பின் அண்மைக்கால அறிக்கைகள் கூறுகின்றன. ஜார்க்கண்ட் மாநில ஆணையம் 2020 மே மாதத்துக்குப் பின் ஆணையர் எவருமின்றிப் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. காலியிடங்களை உரிய நேரத்தில் நிரப்பும்படி 2019 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அதே ஆண்டு ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் தீர்மானிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு சட்டத் திருத்தம் மூலம் தன்வசமாக்கியது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் விதிகள் வழியே மூன்றாண்டாகக் குறைந்தது. தகவலை வேண்டுமென்றே மறுக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். புதிய வாசகத்தைக் காட்டி மறுப்பவரை வேண்டுமென்றே மறுத்தவர் என்று நிறுவுவது எளிதன்று.

இவ்வளவுக்கும் இடையே, சட்டத்தின் 4ஆம் பிரிவு கைவைக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு அலுவலரின் மாத ஊதியம், மானியத் திட்டங்களின் பயனாளிகள், சலுகையும் உரிமமும் பெற்றவர்களின் விவரங்கள் ஆகியவற்றை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று அது இன்றும் கட்டளையிடுகிறது. ராஜஸ்தான் அரசு 2019 செப்டம்பரில் தொடங்கிய ஜன் சூச்னா இணையதளம், ரேஷன் முதல் ஓய்வூதியம் வரை ஊராட்சி வாரியான விவரங்களை இந்தப் பிரிவின் கீழ்தான் வெளியிட்டு வருகிறது. ஒரே சட்டத்தின் ஒரு பிரிவின்படி சுவரில் எழுதி வைக்க வேண்டிய பட்டியலை, மற்றொரு பிரிவின்படி மனுதாரருக்கு மறுக்கலாமா என்பதற்குத் தெளிவான வழிகாட்டுதல் வரும்வரை, ஒவ்வோர் அலுவலகமும் தனக்கு வசதியான பிரிவையே கையில் எடுக்கும்.