வாவியின் நீர்மட்டமும் ஆளில்லா வேளையில் ஓடும் நிரலும்

கையால் இயக்கினால் வரைபடம் வருகிறது. அதே நிரலை, காலை ஆறு மணிக்கு நீயாகவே இயக்கு என்று கணினியிடம் ஒப்படைத்துவிட்டு உறங்கப் போனால் வருவதில்லை. மாரி தொடங்கியதும் மழைவீழ்ச்சியையும் நீர்மட்டத்தையும் வரைபடமாக்கத் துணியும் நம்மூர் இளைஞர்கள் சொல்லும் முறைப்பாடு இது. கணினிக்காரரின் சில்லறைத் தொல்லை என்று இதனை ஒதுக்க எனக்கு மனமில்லை.

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற குளங்கள் நிரம்பி வழிந்தால் அந்நீருக்கு வாவியே வழி. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் உள்ள முகத்துவாரங்களையோ வருடத்தின் பெரும்பகுதி மணல்திட்டு அடைத்து நிற்கும். அதனை எப்போது வெட்டிவிடுவது என்பதில் வயல்காரருக்கு ஒரு கணக்கு, மீனவருக்கு இன்னொரு கணக்கு. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு, ஒரு நாளின் நீர்மட்டம் என்பது வெறும் எண்ணன்று என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நிரல் ஏன் தவறுகிறது? நாம் கணினியின் முன் அமர்ந்து இயக்கும்போது நமக்கே தெரியாமல் பல வசதிகளை அதற்குக் கொடுத்துவிடுகிறோம். நமது திரை இருக்கிறது. நாம் நிற்கும் அடைவு இருக்கிறது. எந்த மென்பொருளை எங்கே தேடுவது என்ற வழிப்பட்டியல் இருக்கிறது. கிரான் என்னும் பணியாள் 1979 இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தவர். அவருக்கு இவை ஒன்றும் இல்லை. பெரும்பாலும் இரண்டே இரண்டு அடைவுகள் கொண்ட வழிப்பட்டியலுடன், பயனாளரின் வீட்டு அடைவில் நின்றுகொண்டு வேலையைத் தொடங்குவார். நீங்கள் பாடுபட்டு நிறுவிய பைத்தனை விட்டுவிட்டு, இயங்குதளத்தோடு வந்த வேறொரு பைத்தனை எடுத்து ஓட்டுவார். அதில் வரைபட நூலகம் இராது. தரவுக் கோப்பின் பெயரை முழு முகவரியின்றி எழுதியிருந்தால் அதுவும் அகப்படாது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரிலும் இதே கதைதான். தொடங்கும் இடத்தைக் குறிப்பிடாமல் விட்டால் நிரல் இயங்குதளத்தின் சொந்த அடைவில் போய் நின்று விழிக்கும்.

திரைதான் பெரிய வில்லங்கம். மாட்பிளாட்லிப் என்ற நூலகத்தை ஜோன் ஹன்டர் 2003 இல் வெளியிட்டார். வலிப்பு நோயாளரின் மூளை மின்னலைகளைத் திரையில் பார்ப்பதற்காக அவர் தொடங்கிய வேலை அது. பார்ப்பதற்கு ஜன்னல் வேண்டும். ஜன்னலுக்குத் திரை வேண்டும். விடியற்காலையில் ஆளில்லாமல் ஓடும் நிரலுக்குத் திரை ஏது? புதிய பதிப்புகள் திரையைக் காணாவிடில் தாமாகவே 'ஆக்' எனப்படும், நேரடியாகப் படக் கோப்பாக எழுதும் முறைக்கு மாறிக்கொள்கின்றன. ஆயினும் நிரலின் உள்ளே யாரேனும் ஜன்னல் முறையைப் பெயர் சொல்லி அமர்த்தியிருந்தால் அது அந்த இடத்திலேயே விழுந்துவிடும். இன்னொரு வகையும் உண்டு. திரை எப்படியோ கிடைத்துவிட, 'காட்டு' என்ற கட்டளையில் நிரல் நின்று, யாராவது வந்து ஜன்னலை மூடுவார்கள் என்று நாள் முழுக்கக் காத்திருக்கும்.

இவை தவிர ஒரு வேடிக்கை. கோப்புப் பெயரில் திகதி சேர்க்க எல்லோரும் வீதக் குறியைப் பயன்படுத்துவார்கள். கிரானின் அட்டவணையில் அந்தக் குறிக்கு 'வரி முடிந்தது' என்று பொருள். முன்னால் ஒரு சாய்கோடு இடாவிட்டால் கட்டளை பாதியில் அறுந்துபோகும். கையால் இயக்கும்போது இது ஒருபோதும் நேராது. ஆகையால் இதைத் தேடிக் களைத்தவர்கள் அநேகர்.

இத்தனையும் திருத்தக்கூடியவை. என்னைக் கவலைப்படுத்துவது வேறு. நிரல் படத்தைச் சேமிக்கும் வரிக்கு வருமுன்னரே விழுந்துவிட்டால் நேற்றைய படம் அப்படியே இருக்கிறது. இணையப் பக்கம் அதனையே காட்டுகிறது. பார்ப்பவர் அதனை இன்றைய நிலவரம் என்றே நம்புவார். கிரான் தன் புலம்பலை உள்ளூர் அஞ்சலாக அனுப்பும். அஞ்சல் ஏற்பாடு இல்லாத வழங்கியில் அந்தப் புலம்பலும் காற்றோடு போய்விடும். பத்திரிகையில் காலநிலைப் பெட்டிக்குத் தகவல் வந்து சேராத இரவுகள் உண்டு. அப்போது 'தகவல் கிடைக்கவில்லை' என்று அச்சிடலாம், அல்லது இடத்தை வேறு செய்தியால் நிரப்பலாம். நேற்றைய பெட்டியை இன்றைய திகதியோடு அச்சிடுவதை மட்டும் எந்தப் பக்க ஆசிரியரும் பொறுக்கமாட்டார். வரைபடம் இல்லாத பக்கத்தைப் பார்த்தவர் வேறெங்காவது விசாரிப்பார். பழைய வரைபடத்தைப் பார்த்தவர் விசாரிக்கமாட்டார்; மாட்டை அவிழ்க்காமலே படுத்துவிடுவார்.

எனவே நிரல் தவறாமல் ஓட வேண்டும் என்று கோருவதைவிட, தவறினால் ஊருக்குத் தெரியும்படி தவற வேண்டும் என்றே கோருவேன். படத்தின் உள்ளேயே கடைசித் தரவின் நேரத்தைப் பெரிய எழுத்தில் பொறிக்க வேண்டும். படம் வரைந்த நேரத்தையன்று. புதிய படத்தைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுமையானபின் பெயர் மாற்றினால் அரைகுறைப் படம் வெளியே வராது. தரவு குறித்த மணிநேரத்துக்கு மேல் பழையதானால் பக்கமே படத்தை மறைத்துவிட வேண்டும். அச்சாகும் செய்திகளையும் பிழைகளையும் ஒரு குறிப்பேட்டுக் கோப்பில் சேர்த்துவைக்க வேண்டும். சோதிப்பதானால் நமது வசதிகளையெல்லாம் உரித்துவிட்டு, வெறுஞ்சூழலில் ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் கற்பிக்கும் வகுப்புகள் படம் திரையில் தோன்றியதும் கைதட்டிப் பாடத்தை முடித்துவிடுகின்றன. பாதிப் பாடம் அதற்குப் பிறகல்லவா இருக்கிறது!

தமிழில் தலைப்பிட்டால் எழுத்துகள் பெட்டி பெட்டியாக வருகின்றன என்பது இன்னொரு முறைப்பாடு. நூலகத்தின் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லை. சொந்தக் கணினியில் நிறுவிய எழுத்துரு வழங்கியில் இராது. எழுத்துருக் கோப்பையும் நிரலோடு அனுப்பினால் பெட்டிகள் போகும்.

கடைசியாக, நேரம். வெளிநாட்டு வழங்கிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. அங்கே ஆறு மணி என்று குறித்தால் மட்டக்களப்பில் முற்பகல் பதினொன்றரை. இதனை எளிதில் பிடித்துவிடலாம். பழைய தரவை வரையும்போதுதான் சிக்கல். மின்தட்டுப்பாட்டின் காரணமாக இலங்கை 1996 மே 25 இல் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்தள்ளியது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணிநேரம் பின்வாங்கி, 2006 ஏப்ரல் 15 இல்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. 2004 டிசம்பர் 26 இல் சுமாத்ராக் கடலடியில் நிலம் அதிர்ந்தபோது உலகப் பொது நேரம் 00.58. அன்றைய இலங்கைக் கடிகாரத்தில் காலை 6.58. ஐந்தரையைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டும் நிரல் அதனை 6.28 என்று வரையும். 'ஆசியா, கொழும்பு' என்ற நேர வலயப் பெயரைக் கொடுத்தால் அந்தப் பிழை நேராது.

ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் 1996 இன் மாற்றத்தை ஏற்கவேயில்லை. சூரியன் எழும் எழுவான்கரையிலிருந்து தோணியேறி, அவன் படும் படுவான்கரையில் இறங்கினால் கைக்கடிகாரம் அரை மணிநேரம் பிந்திவிடும் காலம் அது. அக்காலத்து மழைக் கணக்கேடு ஒன்றை இன்று கணினியில் ஏற்றுபவருக்கு எந்த நேர வலயப் பெயரும் உதவாது. அது எந்தக் கரையின் நேரம் என்பதை, அதனை எழுதியவர் உயிரோடிருக்கும்போதே போய்க் கேட்டு, ஏட்டின் முதற்பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும்.