வீர இரத்தம் என்கிற பம்மாத்து

நாமும் மறக்குடிதான் என்று புறநானூற்றை வைத்து நிரூபிக்கிற கட்டுரைகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. யாரிடம் நிரூபிக்கிறோம்? நம்மைச் சந்தேகித்த ஆசாமி 1914லேயே செத்துப்போனார்.

ஃப்ரெடரிக் ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தளபதி. பிறகு இந்தியப் படை முழுமைக்கும். தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்பது அவர் தீர்ப்பு. 1803இல் அஸாயேயில் வெல்லெஸ்லிக்காக மடிந்ததும், 1857இல் மதராஸ் படை பெரும்பாலும் விசுவாசமாக இருந்ததும் கணக்கில் சேரவில்லை. பட்டாளங்கள் கலைக்கப்பட்டன, சிலவற்றில் பஞ்சாபிகள் நிரப்பப்பட்டார்கள். இதற்கு வைத்த பெயர் 'போர் இனம்'.

மகார்களுக்கு நேர்ந்தது இன்னும் கேவலம். கோரேகான் தூணில் 1818இல் செத்த மகார்களின் பெயர்கள் இருக்கின்றன. 1890களில் அவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. 1917இல் திறந்தார்கள், 1921இல் மறுபடி சாத்தினார்கள். இரண்டாம் உலகப்போரில் ஆள் போதவில்லை. உடனே 1941இல் மகார் ரெஜிமெண்ட், 1943இல் சமார் ரெஜிமெண்ட். கலைத்த மதராஸ் ரெஜிமெண்டும் உயிர்பெற்றது. போர் முடிந்ததும் 1946இல் சமார் ரெஜிமெண்ட் கலைக்கப்பட்டது. விஞ்ஞானம் என்று சொல்லப்பட்ட இரத்தம், ஆள்தேவையைப் பொறுத்து ஏறி இறங்கியிருக்கிறது.

பதவி உயர்விலும் இதே கதை. 1923இல் இந்திய அதிகாரிகளுக்கென்று எட்டே பட்டாளங்களை ஒதுக்கினார்கள். வெள்ளைக்காரன் இந்தியனுக்குக் கீழே நிற்க வேண்டி வந்துவிடக்கூடாது என்பதுதான் அதன் சூட்சுமம்.

அதெல்லாம் அந்நியன் செய்தது என்று தப்பித்துக்கொள்ள முடியாது. ஜனாதிபதியின் மெய்க்காவல் படைக்கு 2017இல் ஆளெடுத்தபோது ஜாட், ராஜபுத்திரர், ஜாட் சீக்கியர் மட்டுமே அழைக்கப்பட்டார்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 1940இல் பாகிஸ்தான் பற்றி எழுதிய நூலில் அம்பேத்கர் படையின் ஜாதி, மத விகிதத்தைப் பட்டியல் போட்டார். சர்க்கார் அதை மூடி வைப்பதையும் சொன்னார். 2006இல் சச்சார் குழுவுக்காக, படையில் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று கேட்டபோது, கேட்பதே தேசத்துரோகம் என்று கூச்சல் எழுந்தது. ஆட்சி மாறியும் பூட்டு மாறவில்லை.

தகுதி ஒன்றே அளவுகோல் என்கிறார்கள். நல்லது. அப்படியானால் எண்ணிக் காட்டுவதில் என்ன நஷ்டம்? சிப்பாய் யார், அதிகாரி யார், எந்தப் படியோடு யார் நின்றுபோகிறார்கள் என்று தெரியட்டும்.

எங்களுக்கும் ஒரு ரெஜிமெண்ட் கொடு என்று கேட்கிற ஜாதிச் சங்கமும், புறநானூற்றை நீட்டுகிற புலவரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. இருவரும் ராபர்ட்ஸின் முழக்கோலை வாங்கித் தங்களை அளந்து காட்டுகிறார்கள். பரிசோதனையில் தேறிவிட்டால் சந்தோஷம். முழக்கோலே பொய் என்று சொல்லத்தான் தைரியம் வேண்டும். அதைப் புறநானூற்றிடம் கடன் வாங்க முடியாது.