விலக்குப் பட்டியலில் இல்லாதவர்கள்

2021 ஏப்ரல் 25 அன்று, இந்தியாவிலிருந்து வரும் பயணிகளுக்கு ஐக்கிய அரபு அமீரகம் தன் வாயிலை மூடியது. இந்தியாவில் கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த நாட்கள் அவை. தலைப்புச் செய்தியானது தடை. அறிவிப்பின் அடியில் இருந்த விலக்குகளைப் பேசியோர் குறைவு. அமீரகக் குடிமக்கள் வரலாம், தூதரகப் பணியாளரும் அரசுமுறைக் குழுவினரும் வரலாம், தங்க விசா பெற்றோர் வரலாம், தொழிலதிபர்களின் தனி விமானங்கள் வரலாம் என்றன அவ்விலக்குகள். தடை நடைமுறைக்கு வரும் முன் இங்குள்ள பெருஞ்செல்வர்கள் தனி விமானங்களை அமர்த்திக்கொண்டு துபாய்க்குப் பறந்த செய்திகளை அப்போதைய நாளேடுகளில் நாம் வாசித்தோம்.

இரண்டு மாத விடுப்பில் ஊருக்கு வந்திருந்த கட்டடத் தொழிலாளி எந்த விலக்கிலும் இல்லை. தங்க விசாக்காரரின் நுரையீரலையும் அவருடைய நுரையீரலையும் கிருமி வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. வேறுபடுத்தியது விசாதான். பெருந்தொற்றுக் காலப் பயணத் தடைகளைப் பற்றி நம் இயக்க அரங்குகளில் பேச்செழும்போதெல்லாம் "அவை தேவையா, தேவையற்றவையா" என்ற கேள்வியே முன்வைக்கப்படுகிறது. அதைவிட அடிப்படையான கேள்வி, விலக்குப் பட்டியலில் யார் இருந்தார்கள் என்பது. ஓர் அரசு எவரை ஆபத்தென்று கருதுகிறது என்பதைத் தடை சொல்லும். எவரை மனிதரென்று கருதுகிறது என்பதை விலக்குதான் சொல்லும்.

இது கொரோனாவோடு பிறந்த வழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாயில் பிளேக் பரவியபோது, தமிழகத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலித் தொழிலாளர்களை முகாம்களில் அடைத்து வைத்துக் கண்காணிக்கும் ஏற்பாடு உருவானது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், பின்னர் இராமேசுவரத்துக்கு முன்னுள்ள மண்டபத்திலும் இலங்கை அரசு நடத்திய முகாம்கள் அவை. குடும்பம் குடும்பமாக நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். உடலைச் சோதிப்பார்கள், அம்மைப்பால் குத்துவார்கள். எந்தத் தோட்டத்துக்குச் செல்ல வேண்டும் என்பதைக் குறித்த தகரத் துண்டு ஒன்று தொழிலாளியிடம் இருக்கும். அதன் பிறகே தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். மேல்வகுப்புப் பயணச்சீட்டு வாங்கியவருக்கு இந்த அடைப்பு பொதுவாக இருந்ததில்லை.

மலாயா சென்ற கப்பல்களிலும் இதே நிலைமைதான். கப்பலின் திறந்த தளத்தில் பாய் விரித்துப் பயணித்த "டெக்" பயணிகள் பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரெஜாக் தீவில் இறக்கப்பட்டுத் தனிமைப்படுத்தப்பட்டனர். அறை எடுத்துப் பயணித்தவர்களுக்கு வேறு நடைமுறை. தோட்டங்களுக்குச் சென்றவர்களில் பெருந்தொகையினர் பள்ளர், பறையர், சக்கிலியர் என்று பதிவேடுகளில் எழுதப்பட்ட மக்கள். ஊரில் சேரிக்கும் ஊர்த்தெருவுக்கும் இடையே இருந்த எல்லை, கடல் கடக்கும்போது முகாமுக்கும் முதல் வகுப்புக்கும் இடையிலான எல்லையாக மாறியது. கூலிகளைத் தனியே அடைத்ததற்கு அன்றைய அதிகாரிகள் சொன்ன காரணம் சாதி அல்ல, சுகாதாரம். நோய் கூலியின் உடலிலேயே குடியிருக்கிறது என்ற முன்முடிவு, அந்தச் சுகாதாரத்துக்கு அடித்தளமாக இருந்தது.

2020க்கு வருவோம். அயல்நாட்டவரின் விசாக்கள் மார்ச் 13 முதல் நிறுத்தப்படும் என்று மார்ச் 11 அன்று ஒன்றிய அரசு அறிவித்தது. மார்ச் 22 முதல் பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் தரையிறங்க முடியாது என்று மார்ச் 19 அன்று அறிவித்தது. வானில் வருவோருக்கு இவ்வாறு நாட்கணக்கில் அவகாசம் கிடைத்தது. மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றினார். நள்ளிரவில் நாடு முழுவதும் பூட்டப்பட்டது. நெடுஞ்சாலைகளில் குழந்தைகளைத் தோளில் சுமந்து நடந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் நான்கு மணி நேரம். நோய் இந்தியாவுக்குள் விமானத்தில் வந்தது. அதற்கான விலையைத் தந்தவர்கள் விமான நிலையத்தின் உட்புறத்தைப் பார்த்திராதவர்கள். (அந்நாட்களில் "சமூக விலகல்" என்ற சொல்லை அரசு விளம்பரங்கள் ஒரு நல்லொழுக்கம்போல உரக்கச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு நாம் கூசிப்போனதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். உடல் இடைவெளி என்று சொல்லியிருக்கலாம். இந்தச் சமூகத்துக்கு விலக்கிவைப்பதைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.)

பிறகு, அயல்நாடுகளில் சிக்கியோரை மீட்கும் "வந்தே பாரத்" திட்டம் 2020 மே 7 அன்று தொடங்கியது. முதல் விமானங்கள் அபுதாபியிலிருந்தும் துபாயிலிருந்தும் கேரளத்துக்கு வந்தன. வேலை இழந்த தொழிலாளர்களுக்கு முன்னுரிமை என்று அரசு அறிவித்தது. முன்னுரிமையின் பொருள் வரிசையில் இடம் என்பது மட்டுமே. பயணக் கட்டணத்தைப் பயணியே கட்ட வேண்டும், வந்திறங்கிய பின் தனிமைப்படுத்தப்படும் நாட்களுக்கான செலவையும் அவரே ஏற்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிமுறைகள் கூறின. பல மாதச் சம்பளம் கைக்கு வராமல் முகாம் அறையில் அடைபட்டிருந்த ஒருவரிடம், முதலில் பயணச்சீட்டுக்குப் பணம் கேட்டார்கள். ஊர் வந்த பின் அடைத்து வைத்ததற்கும் பணம் கேட்டார்கள். மாநில அரசுகள் சில இடங்களில் கட்டணமில்லாத் தங்குமிடங்களை ஏற்பாடு செய்தன என்பது உண்மை. அது மாநிலத்தின் விருப்பமாக இருந்தது, தொழிலாளியின் உரிமையாக இருக்கவில்லை.

பணம் இல்லாமலா இருந்தது? தூதரகங்கள் வழங்கும் சேவைகளுக்கான கட்டணத்தோடு ஒரு சிறு தொகையைக் கூடுதலாக வசூலித்துச் சேர்க்கப்படும் இந்தியச் சமூக நல நிதி 2009 முதல் இருந்துவருகிறது. துயருற்ற தொழிலாளரின் விமானச் சீட்டுக்கு உதவுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. தொழிலாளர்களின் சொந்தப் பணமும் கலந்துள்ள அந்த நிதியைப் பயன்படுத்தச் சொல்லி 2020இல் கேரள உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது.

இந்தியக் கடவுச்சீட்டே இரண்டு வகை மனிதர்களை உருவாக்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் தனி அனுமதி பெற வேண்டும். பாதுகாப்புக்காகவே இந்த ஏற்பாடு என்பார்கள். 2018 ஜனவரியில் இப்பிரிவினருக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டையிட்ட கடவுச்சீட்டு வழங்கப்போவதாக அரசு அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் அம்மாத இறுதிக்குள் கைவிட்டது. பள்ளிப்படிப்பு எவருக்கு எட்டாமல் வைக்கப்பட்டது என்ற வரலாற்றை அறிந்தோருக்கு, அந்த நிறம் எவருடைய நெற்றியில் பூசப்பட இருந்தது என்பதை விளக்கத் தேவையில்லை. இவர்களைத் தனியே அடையாளம் காணும் பதிவேடு அரசிடம் பல்லாண்டுகளாக இருக்கிறது. மீட்க வேண்டிய நேரத்தில் அதே பதிவேட்டைக் கொண்டு கட்டணமில்லாப் பயணச்சீட்டு வழங்க எவருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வந்தோர் மீண்டும் வேலைக்குச் செல்ல முயன்றபோது கதை இன்னும் கடுமையானது. 2021 பிப்ரவரியில் சவூதி அரேபியா இந்தியா உள்ளிட்ட 20 நாடுகளிலிருந்து நேரடி வருகையை நிறுத்தியது. வேறொரு நாட்டில் 14 நாட்கள் தங்கிவிட்டு வந்தால் அனுமதி உண்டு என்பதே நடைமுறையாக இருந்தது. ஆகவே நேபாளத்திலோ மாலத்தீவிலோ பதினான்கு நாள் விடுதிச் செலவு, இரண்டு விமானச் சீட்டு, பரிசோதனைக் கட்டணம் எனப் பல மாதச் சம்பளத்தைக் கடனாக வாங்கித் தொழிலாளர்கள் கிளம்பினார்கள். ஏப்ரல் இறுதியில் நேபாளம் அந்த வழியையும் அடைத்தது. இக்காயறு நாட்களின் இடையே விசா காலாவதியானால் வேலையும் போகும். டிசம்பர் 1 அன்றுதான் அந்த மூன்றாம் நாட்டு நிபந்தனை இந்தியர்களுக்கு முழுமையாக நீக்கப்பட்டது. சவூதிக்குள் கிருமி நுழைவதை அந்த நிபந்தனை எந்த அளவுக்குத் தடுத்தது என்று நாம் சொல்ல முடியாது. ஏழையைக் கடனாளியாக்கியது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இங்கே ஒரு சட்டச் செய்தியை மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு சுகாதார ஒழுங்குவிதிகள் 2005, இந்தியாவையும் கட்டுப்படுத்துபவை. அவற்றின் 40ஆம் பிரிவு, வந்திறங்கும் பயணியிடம் மருத்துவப் பரிசோதனைக்கோ தனிமைப்படுத்தலுக்கோ அரசு கட்டணம் வசூலிக்கக் கூடாது என்கிறது. பிரிட்டன் விடுதித் தனிமைக்கு ஒருவரிடம் 1,750 பவுண்டும் பின்னர் 2,285 பவுண்டும் வசூலித்தது. இந்தியா தன் சொந்தக் குடிமக்களிடமே வசூலித்தது. விதியை மீறுவோருக்குத் தண்டனை ஏதுமில்லாததால் கேட்பாரில்லை. அதே 40ஆம் பிரிவுக்குள்ளும் ஒரு விலக்கு ஒளிந்திருக்கிறது. தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ ஒரு நாட்டில் வசிக்க வருவோருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. சுற்றுலாப் பயணிக்கு உண்டு, பிழைக்க வருபவருக்கு இல்லை. உலகப் பொதுச் சட்டத்திலும் டெக் பயணி டெக் பயணியாகவே இருக்கிறார்.

நாடுகளுக்கிடையிலும் இதே வரிசை இயங்கியதை 2021 நவம்பர் காட்டியது. ஒமைக்ரான் என்று பின்னர் பெயரிடப்பட்ட திரிபைத் தென்னாப்பிரிக்க அறிவியலாளர்கள் கண்டறிந்து, நவம்பர் 24 அன்று உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தார்கள். இரண்டே நாளில் பிரிட்டன் ஆறு தென் ஆப்பிரிக்கப் பகுதி நாடுகளைச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. நவம்பர் 29 முதல் அமெரிக்கா எட்டு நாடுகளுக்குத் தடை விதித்தது. அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை பெற்றோரும் அத்தடையில் அடங்கவில்லை. இதற்கிடையில், நவம்பர் 19 அன்றே நெதர்லாந்தில் எடுக்கப்பட்ட மாதிரியில் அதே திரிபு இருந்தது தெரியவந்தது. நெதர்லாந்துக்கு அவ்விரு நாடுகளும் கதவடைக்கவில்லை. ஐ.நா. பொதுச் செயலாளர் அந்தோனியோ குட்டெரெஸ் இதைப் பயண நிறவெறி என்று பெயரிட்டுச் சாடினார்.

நாம் இதற்கு இன்னொரு பெயர் வைத்திருக்கிறோம். தீட்டு. உன் உடலில் நோய் உள்ளதா என்று கேட்பது மருத்துவம். நீ எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டு, அந்த விடையையே நோயாகக் கொள்வது தீட்டின் தருக்கம். பயணத் தடையும் தீண்டாமையும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. ஜோகன்னஸ்பர்க் பயணியின் தடை ஒரு மாதத்தில் விலகியது, நம்முடையது விலகக் காணோம். ஆயினும் பரிசோதனையின் முடிவைவிடப் பிறப்பிடத்தை நம்பும் மனநிலை இரண்டுக்கும் பொதுவானது.

இந்திய அரசும் ஒருமுறை இத்தீட்டின் சுவையை அறிந்தது. 2021 செப்டம்பரில், கோவிஷீல்டு செலுத்திக்கொண்ட இந்தியர்களைத் தடுப்பூசி போடாதவராகவே கருதுவோம் என்றது பிரிட்டன். அது ஆக்ஸ்போர்டில் உருவான மருந்து, புனேயில் தயாரானது என்பதே வேறுபாடு. இது பாகுபாடு என்று நம் வெளியுறவுச் செயலாளர் வெளிப்படையாகக் கண்டித்தார். பதிலடியாக அக்டோபர் 4 முதல் பிரிட்டிஷ் பயணிகளுக்கும் தனிமைப்படுத்தல் விதிக்கப்பட்டது. ஒரே வாரத்தில், அக்டோபர் 11 முதல், பிரிட்டன் இறங்கி வந்தது. நியாயமான கோபம்தான். ரியாத் செல்ல வழியின்றித் தவித்த தொழிலாளிக்காகவும் தில்லி இப்படி ஒருமுறை கோபப்பட்டதுண்டா?

எல்லா எல்லைக் கட்டுப்பாடும் வீண் என்ற முடிவுக்கு நாம் வரவில்லை. 2020 மார்ச்சில் எல்லையை மூடி, திரும்பி வந்த குடிமக்களுக்குக் கட்டாயத் தனிமையை ஏற்படுத்திய நியூசிலாந்து, தடுப்பூசி வரும்வரை தன் மக்களைப் பெருமளவு காத்தது. அங்கும் தனிமை மையங்களில் இடம் ஒதுக்க நடத்தப்பட்ட குலுக்கல் முறை குடிமக்களின் நாடு திரும்பும் உரிமையை மீறியது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியாவின் செயல் அந்த அளவு மன்னிப்புக்குரியதன்று. பல்லாயிரம் குடிமக்கள் அயல்நாடுகளில் காத்துக்கிடக்க, 2021 ஜனவரியில் டென்னிஸ் வீரர்கள் சிறப்பு விமானங்களில் வந்திறங்கினார்கள். அதே ஆண்டு மே 3 முதல் 15 வரை, இந்தியாவிலிருந்து நாடு திரும்பும் சொந்தக் குடிமக்களுக்கே ஐந்தாண்டுச் சிறை அல்லது 66,600 டாலர் அபராதம் என்று மிரட்டியது அந்த அரசு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொற்று உச்சத்தில் இருந்தபோது இத்தகைய மிரட்டல் எழவில்லை.

திருத்தப்பட்ட பன்னாட்டு சுகாதார ஒழுங்குவிதிகள் 2025 செப்டம்பர் 19 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. சமத்துவமும் ஒருமைப்பாடும் அவற்றின் கோட்பாடுகளாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வரவேற்கிறோம். செயலாக்கத்தைக் கவனிக்க அமையும் குழுவுக்குத் தண்டிக்கும் அதிகாரம் எதுவும் இல்லை. ஆகவே அடுத்த பெருந்தொற்றிலும் நம்மவரின் கட்டணமில்லாத் தனிமையை ஜெனீவா பெற்றுத் தரப்போவதில்லை. அதை இங்குதான் கேட்டுப் பெற வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2019இலும் 2021இலும் வரைவுகள் வெளியாகிக் கருத்துக் கேட்கப்பட்டன. அப்போது நம் அமைப்புகளின் குரல் அதில் போதுமான அளவு பதிவாகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். நெருக்கடிக் காலத்தில் தனி அனுமதி பெற்றுச் சென்ற தொழிலாளர் அனைவரையும் அரசின் செலவில் அழைத்து வரும் கடமை சட்டத்தில் எழுதப்பட வேண்டும். சமூக நல நிதியின் வரவு செலவு ஆண்டுதோறும் தூதரக வாரியாக வெளியிடப்பட வேண்டும். தமிழகத்தில் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. திரும்பி வருவோரின் தனிமைச் செலவை மாநிலம் ஏற்கும் என்ற விதியை அவ்வாரியத்தின் வழி கோரலாம். வேலைக்குக் கிளம்பும் இளைஞரிடம் முகவர் நீட்டும் ஒப்பந்தத்தில், வேலையிழந்தால் திரும்பும் பயணச்சீட்டு யார் பொறுப்பு என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் பணியைக் கல்லூரி மாணவர்கள் தத்தம் ஊரில் இந்த விடுமுறையிலேயே தொடங்க முடியும்.