வாடகை மேல் விழுந்த வரி

மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தி.நகர் உள்தெருக்களிலும் கடை நடத்தும், நம்மிடம் வரி ஆலோசனை பெறும் கட்சிக்காரர்கள் பலரும் வாடகைக்கு இருப்பவர்கள். கட்டட உரிமையாளரிடம் ஜிஎஸ்டி பதிவு இல்லையென்றால், அந்த வாடகைக்குப் பதிவு பெற்ற கடைக்காரரே ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18 சதவீதம் கட்ட வேண்டும் என்பது 2024 அக்டோபர் 10-இல் நடைமுறைக்கு வந்தது. மற்ற வணிகர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் வணிகருக்கு அந்த வழி கிடையாது, கட்டியது கட்டியதுதான்.

காம்போசிஷன் திட்டத்தில் மாதம் 5 லட்சத்துக்கு விற்கும் ஒரு பாத்திரக் கடையை எடுத்துக்கொள்வோம். விற்றுமுதலில் 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் வரி. வாடகை 30,000 என்றால் அதற்கு 5,400. சிறு வணிகருக்கு எளிமையாக இருக்கட்டும் என்று வகுத்த திட்டத்தில் விற்பனைக்குக் கட்டும் வரியைவிட வாடகைக்குக் கட்டுவது கூடிவிட்டது! ஒரே ஒரு சின்னக் கடையின் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஜிஎஸ்டி கவுன்சில் திருத்திக்கொண்டது உண்மை. டிசம்பர் 21 ஜெய்சால்மர் கூட்டம் காம்போசிஷன் வணிகரை விலக்கப் பரிந்துரைத்தது. 2025 ஜனவரி 16-இல் அறிவிக்கை வந்தது. இடைப்பட்ட மூன்று மாதத்தை மட்டும் 'உள்ளது உள்ளபடி' முறைப்படுத்தினார்கள். கட்டாதவரைக் கேட்க மாட்டார்கள். தேதி தவறாமல் கட்டியவருக்குப் பணம் திரும்பாது. நாம் சொல்லித்தான் அவர் கட்டினார். சட்டத்தை மதித்தவருக்கு நட்டம் என்றால் அது அநியாயம்.

விதிகளே வேண்டாம் என்று இந்த இதழ் சொல்லாது. 2017 மே மாதம் உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடம் எரிந்ததைப் பார்த்த ஊர் இது; தீயணைப்பு விதிகளில் தளர்வு கேட்பது தவறு. ஆனால் தராசு முத்திரைக்குத் தொழிலாளர் துறை, உரிமத்துக்கு மாநகராட்சி, அரையாண்டுக்கொரு தொழில் வரி, காலாண்டுக்கொரு சிஎம்பி-08 வரி அறிக்கை என்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர் மேல் புதிதாக ஒன்றை ஏற்றுமுன், மிகச் சிறிய கடைக்கு அது எவ்வளவு செலவு வைக்கும் என்ற மாதிரிக் கணக்கை அறிவிக்கையோடு வெளியிடுங்கள் என்பதே நம் கோரிக்கை.

அந்த மூன்று மாதத்துக்கு வரி கட்டிய காம்போசிஷன் வணிகர்களின் கணக்கை, பெயரை நீக்கிவிட்டு, உறுப்பினர்கள் நமக்கு அனுப்ப வேண்டுகிறோம். தொகுத்து, பணத்தைத் திருப்பித் தரக் கோரி வணிகவரித் துறைக்கும் கவுன்சில் செயலகத்துக்கும் மனு கொடுப்போம்.