இன்சூரன்ஸ் மறுத்தாலும் நட்டஈடு உண்டு

கடந்த மாதம் எமது ஹட்டன் காரியாலயத்துக்கு ஒரு தாய் வந்தார். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அவருடைய மகள் கொழும்புப் பக்கத்தில் பின்னலாடை தைக்கும் ஒரு கார்மன்டில் துணி வெட்டும் மெசினில் நின்றவர். இடது கையில் இரண்டு விரல்களை இழந்து லயத்துக்குத் திரும்பியிருக்கிறார். ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பனி பார்த்ததாம். பிறகு ஐம்பதாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து, சிங்களத்தில் அடித்த ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் மறுத்துவிட்டார்கள், இது நாங்களாகப் பார்த்துத் தருவது என்று சொல்லி அனுப்பினார்களாம். "நல்ல மனுசங்க ஐயா, அதையாவது குடுத்தாங்களே" என்றார் அந்தத் தாய்.

அந்த வார்த்தைதான் எம்மை இதை எழுத வைக்கிறது.

அது தயவில் கொடுத்த பணம் அல்ல. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்தது. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்து ஒருவர் ஊனமுற்றாலோ இறந்தாலோ நட்டஈடு கொடுப்பது முதலாளியின் கடமை என்கிறது அது. முதலாளி பிழை செய்தார் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. குடிபோதையில் இருந்தது, மெசினின் காப்பை வேண்டுமென்றே கழற்றியது போன்ற சில காரணங்களைக் காட்டித்தான் முதலாளி தட்டிக்கழிக்க முடியும்.

இன்சூரன்ஸ் என்பது இந்தச் சுமையை இறக்கி வைக்க முதலாளி தனக்காகச் செய்துகொள்ளும் ஏற்பாடு. அவர் தவணைப் பணம் கட்டாமல் விட்டிருக்கலாம், இன்சூரன்ஸ் கம்பனி ஏதாவது காரணம் காட்டிக் கையை விரித்திருக்கலாம். அது அவர்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு. விரல் போன பிள்ளைக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும் முதலாளிதான் கட்ட வேண்டும்.

கையெழுத்தாகிவிட்டதே என்று பலர் அடங்கிப் போகிறார்கள். சட்டம் தரும் நட்டஈட்டை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது. நிரந்தர ஊனத்துக்கு இரு தரப்பும் ஒரு தொகைக்கு இணங்கினாலும் அதை நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிய வேண்டும். தொகை போதாது, ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கியது என்று கண்டால் பதிய மறுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. தொழிலாளி இறந்தால் பணத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் யாரோ ஒருவரிடம் கொடுக்க முடியாது. ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும். தங்கி வாழ்ந்தவர்களுக்கு அவர் பங்கிட்டுக் கொடுப்பார்.

2022 இல் வந்த திருத்தம் நட்டஈட்டின் உச்சத் தொகையை 5,50,000 ரூபாயிலிருந்து 20,00,000 ரூபாயாக உயர்த்தியது. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வழியில் நேரும் விபத்தும் இப்போது இதற்குள் வரும். ஆனால் எல்லோருக்கும் இருபது இலட்சம் கிடைக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். எந்த உறுப்பு போனால் உழைக்கும் சக்தியில் எத்தனை வீதம் போனது என்று சட்டத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. அந்த வீதமும் சம்பளமும் சேர்ந்துதான் தொகையைத் தீர்மானிக்கும். சம்பளச் சிட்டைகளைப் பத்திரமாக வையுங்கள் என்று நாம் ஓயாமல் சொல்வது இதற்காகவும்தான்.

கார்மன்டை மட்டும் சொல்லிவிட்டு நிற்க முடியாது. அதே சட்டம் மலைக்கும் ஸ்டோருக்கும் உண்டு. மலையில் குளவி கொட்டினால், மரம் முறிந்து விழுந்தால், ரோலரில் கை அகப்பட்டால் 'விதி' என்று சொல்லி ஒரு வாரம் லயத்தில் படுத்திருந்துவிட்டு மறுபடி கூடையைத் தூக்குகிறோம். விபத்து எந்தப் புத்தகத்திலும் பதியப்படுவதில்லை. பதியாத விபத்தை ஆறு மாதம் கழித்து எப்படிக் காட்டுவது? அன்றைக்கே துரைக்கு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். ஆஸ்பத்திரி அட்டையில் 'வேலை செய்யும்போது' என்று எழுதும்படி டொக்டரிடம் கேளுங்கள். பக்கத்தில் நின்றவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மேன்பவரில் போகும் பிள்ளைகளும் கொந்தராத்துக்காரர் ஓடிவிட்டார் என்று சோர வேண்டாம். வேலையைக் கொடுத்த நிறுவனத்திடமும் கேட்க வழியுண்டு. ஊழியர் நம்பிக்கை நிதியிலிருந்து வரக்கூடிய உதவி வேறு, இது வேறு. ஒன்றைப் பெற்றதற்காக மற்றதை விடாதீர்கள்.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. முதலாளியின் பொறுப்பு என்ற அளவோடு அது நின்றுவிடுகிறது. முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து கட்டும் பொது நிதி எமக்கு இல்லை. தமிழ்நாட்டில் திருப்பூர் பனியன் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. சம்பளத்தில் முதலாளி 3.25 வீதமும் தொழிலாளி 0.75 வீதமும் கட்டுகிறார்கள். நிரந்தர ஊனத்துக்கும் மரணத்துக்கும் மாதா மாதம் பணம் வருகிறது. தொழிலாளரைப் பதியாமல் தப்பும் பட்டறைகள் அங்கும் உண்டு, அது வேறு கதை. பங்களாதேசில் 2013 ஏப்ரல் 24 அன்று ரானா பிளாசா இடிந்து ஆயிரத்து நூறுக்கும் அதிகமானோர் மாண்ட பிறகு, 2022 இல் ஆடைத் தொழிலுக்கு விபத்துக் காப்புறுதியைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள். இங்கே அப்படி ஒரு நிதியைக் கேட்க இன்னொரு கட்டிடம் இடிய வேண்டுமா? மொத்தமாகக் கைக்கு வரும் பணம் ஒரு கடனையும் ஒரு கலியாணத்தையும் தாண்டி நிற்பதில்லை என்பது லயத்தில் வாழும் எல்லோருக்கும் தெரியும். பொது நிதியும் மாதாந்தக் கொடுப்பனவும் எமது கோரிக்கை. தொழில் அமைச்சுக்கு அதை எழுதுகிறோம்.

அந்தப் பிள்ளையின் சம்பளச் சிட்டைகளும் ஆஸ்பத்திரிக் கடதாசிகளும் இப்போது எம்மிடம் இருக்கின்றன. கையெழுத்து வாங்கிய கடதாசியின் பிரதியைக் கம்பனி இன்னும் தரவில்லை. அது வராவிட்டாலும் வரும் வாரம் தாயும் மகளும் நாரஹேன்பிட்டி தொழில் செயலகத்திலுள்ள ஆணையாளர் காரியாலயத்துக்குப் போகிறார்கள். எமது பிரதிநிதி ஒருவரும் கூடவே போகிறார்.