ஏ எடுத்தவர்கள் ஏன் திணறுகிறார்கள்?

எஸ்.பி.எம். தேர்வில் வேதியியலில் ஏ பெற்று, மெட்ரிகுலேசன் கல்லூரிக்கோ படிவம் ஆறுக்கோ செல்லும் மாணவர்களில் பலர் முதல் சில வாரங்களிலேயே ஓர் அதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள். முதல் சோதனைத் தாள் கைக்கு வரும்போது அதில் பாதிப் புள்ளிகூட இருப்பதில்லை. அதே பாடம், அதே மாணவர், அதே உழைப்பு. முடிவு மட்டும் வேறு. “விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது” என்கிறார்கள் பெற்றோர். “கல்லூரிப் பாடம் என்றாலே அப்படித்தான்” என்கிறார்கள் நண்பர்கள். “எனக்கு வேதியியல் வராது” என்று மாணவரே முடிவு கட்டிவிடுகிறார்.

இந்த மூன்று விளக்கங்களுமே பெரும்பாலும் தவறு என்பது என் கருத்து. மாணவரின் அறிவும் குறையவில்லை, உழைப்பும் குறையவில்லை. கேள்வி கேட்கப்படும் விதம் மாறிவிட்டது. அது மாறும் என்று அவருக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

இது சிறிய விஷயமன்று. ஓராண்டு மெட்ரிகுலேசன் படிப்பில் இரண்டு பருவங்களே உள்ளன. எஸ்.டி.பி.எம். படிப்பில் மூன்று. முதல் பருவத்துப் புள்ளி இறுதி முடிவோடு சேர்கிறது. மருத்துவம், மருந்தியல், வேதிப் பொறியியல் என்று கனவு காணும் மாணவர், சுதாரித்துக்கொள்ளும் முன்பே ஒரு பருவம் ஓடிவிடுகிறது. அதைவிட வருத்தம், நன்றாக வரக்கூடிய சிலர் அறிவியலையே விட்டு விலகிவிடுகிறார்கள். ஆகவே இப்போது படிவம் நான்கிலும் ஐந்திலும் இருக்கும் நீங்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எண் ஒன்று, கேள்வி இரண்டு

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு மோல் வாயு அறை நிலையில் 24 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று படித்திருப்பீர்கள். திட்ட வெப்ப அழுத்த நிலையில் அது 22.4 லிட்டர். இரண்டு எண்களையும் மனனம் செய்து, கேள்விக்கு ஏற்ற எண்ணால் பெருக்கினால் விடை வந்துவிடும்.

கல்லூரி வகுப்பில் இந்த எண்களை யாரும் மனனம் செய்யச் சொல்வதில்லை. அங்கே ஒரு சமன்பாடு வருகிறது. வாயுவின் அழுத்தத்தைக் கன அளவால் பெருக்கினால் கிடைப்பது, மோல் எண்ணிக்கை, வாயு மாறிலி, கெல்வின் வெப்பநிலை ஆகிய மூன்றின் பெருக்கலுக்குச் சமம். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் வெப்பநிலையை 0 பாகை செல்சியஸ், அதாவது 273 கெல்வின், என்று வைத்துக் கணக்கிடுங்கள். 22.4 லிட்டர் வரும். 20 பாகை என்று வையுங்கள். 24 லிட்டர் வரும். நம் ஊர் நண்பகல் வெயில் போல 35 பாகை என்று வைத்தால் ஏறக்குறைய 25.3 லிட்டர்.

ஆக, 24 என்பது இயற்கையின் விதியன்று. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் கிடைக்கும் விடை, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டவருக்கு எந்த வெப்பநிலையைக் கொடுத்தாலும் பயமில்லை. 24-ஐ மட்டும் மனனம் செய்தவரிடம் 35 பாகையைக் கொடுத்தால் கை நின்றுவிடும்.

கால்சியத்தையும் பாருங்கள். அதன் எலெக்ட்ரான் அமைப்பு 2.8.8.2 என்று எழுதிப் பழகியிருக்கிறோம். ஆனால் மூன்றாவது கூட்டில் 18 எலெக்ட்ரான்கள் வரை இருக்க இடம் உண்டு. அப்படியென்றால் 2.8.10 என்று ஏன் எழுதக்கூடாது? ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் உட்கூடுகள் இருப்பதும், நான்காம் கூட்டின் முதல் உட்கூடு மூன்றாம் கூட்டின் கடைசி உட்கூட்டுக்கு முன்பாகவே நிரம்புவதும் கல்லூரியில் தெரியவரும். அந்தக் கேள்வியைப் பள்ளியிலேயே மனத்தில் கேட்டு வைத்திருந்தவருக்கு அந்தப் பாடம் ஒரு பதிலாக வருகிறது. கேட்காதவருக்கு அது இன்னொரு சுமையாக வருகிறது.

ஹேபர் முறையில் அம்மோனியா தயாரிக்க 450 பாகை செல்சியஸ், 200 வளிமண்டல அழுத்தம், இரும்பு வினையூக்கி என்று ஒப்பிக்க நம்மில் பலரால் முடியும். கல்லூரியில் கேட்கப்படுவது வேறு. இந்த வினை வெப்பத்தை வெளியிடும் வினை, எனவே வெப்பநிலை குறைந்தால்தானே அம்மோனியா அதிகம் கிடைக்கும், பிறகு ஏன் 450 பாகை? குளிர்ந்த நிலையில் வினை மிக மெதுவாக நடக்கும் என்பதால் விளைச்சலில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்குகிறார்கள். மனப்பாடம் செய்த அந்த ஒற்றை எண்ணுக்குள் இப்படி ஒரு பேரம் ஒளிந்திருக்கிறது.

மூன்று தளங்கள்

வேதியியல் ஏன் இவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் ஆராய்ந்தவர் அலெக்ஸ் ஜான்ஸ்டன். வேதியியல் ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் பேசுகிறது என்று அவர் விளக்கினார். கண்ணால் காண்பது ஒன்று. கண்ணுக்குத் தெரியாத அணு, மூலக்கூறுகளின் தளம் இரண்டாவது. குறியீடு, சமன்பாடு, கணக்கு மூன்றாவது. ஆசிரியர் இந்த மூன்றுக்கும் இடையே இயல்பாகத் தாவுகிறார். புதிதாகக் கற்பவரால் மூன்றையும் ஒரே சமயத்தில் மனத்தில் ஏந்த முடிவதில்லை.

வீட்டில் கெட்டலில் நீர் கொதிப்பதைப் பாருங்கள். குமிழிகள் எழுகின்றன. அது முதல் தளம். அந்தக் குமிழிக்குள் என்ன இருக்கிறது? ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்றோ வெறும் காற்று என்றோ பதில் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் நன்கு கொதிக்கும் நீரின் குமிழிக்குள் இருப்பது நீராவிதான். நீர் மூலக்கூறு உடையவில்லை. மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருக்கின்றன, அவ்வளவே. திரவ நீர் வாயு நீராகிறது என்று சமன்பாடு எழுதி முழுப் புள்ளி வாங்கியவரும் இந்தக் கேள்வியில் தடுமாறலாம். மூன்றாம் தளம் அவருக்குத் தெரியும், இரண்டாம் தளத்துக்கு அவர் போனதில்லை.

மொழியும் ஒரு தடை

நம் மாணவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படிக்கிறோம். இடைநிலைப்பள்ளியில் பலர் மலாயில் படிக்கிறார்கள். மெட்ரிகுலேசனில் அது ஆங்கிலத்துக்கு மாறுகிறது. தமிழில் சமநிலை, மலாயில் கெசெய்ம்பாங்கான், ஆங்கிலத்தில் ஈக்குவிலிபிரியம். மூன்று சொல்லும் தெரிந்திருக்கும். பொருள் தெரிந்திருக்குமா?

‘சம’ என்றதும் இரு பக்கமும் ஒரே அளவு பொருள் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். வினை நின்றுவிட்டது என்றும் நினைக்கிறோம். இரண்டும் தவறு. ஒரு பேரங்காடியின் வாகன நிறுத்துமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்குப் பத்து கார்கள் நுழைகின்றன, பத்து கார்கள் வெளியேறுகின்றன. உள்ளே 800 கார்கள் இருக்கலாம், சாலையில் 50 இருக்கலாம். எண்ணிக்கை சமமில்லை, வேகம்தான் சமம். போக்குவரத்தும் நிற்கவில்லை. வேதிச் சமநிலையும் இப்படித்தான்.

ஆங்கிலச் சொல்லை மனனம் செய்வதோடு நின்றுவிடாமல், அந்தக் கருத்தை வீட்டில் தம்பி தங்கைக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது. எங்கே நாக்கு தடுக்குகிறதோ, அங்கேதான் நீங்கள் திரும்பப் படிக்க வேண்டிய பக்கம் இருக்கிறது. மூன்று மொழி தெரிவது நமக்குச் சுமையன்று. சரிபார்க்க மூன்று வழி என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

கடந்தாண்டு கேள்விகள் போதுமா?

“கடந்தாண்டுக் கேள்வித்தாள்களைச் செய்து செய்துதானே ஏ வாங்கினோம், அது தவறா?” என்று நீங்கள் கேட்கலாம். தவறில்லை. நேரத்தைக் கணக்கிடவும் கேள்வியின் போக்கை அறியவும் அந்தப் பயிற்சி தேவை. டியூஷன் ஆசிரியர்கள் அதைச் செய்யச் சொல்வதும் நியாயமே. ஆனால் நூறு கேள்விகளைச் செய்து விடையின் அச்சை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்வது வேறு. இருபது கேள்விகளைச் செய்து ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்வது வேறு. முதல் வழி தெரிந்த கேள்விக்கு உதவும். இரண்டாவது வழி தெரியாத கேள்விக்கும் உதவும். கல்லூரியில் வருபவை பெரும்பாலும் இரண்டாவது வகை.

இப்போதே தொடங்கக்கூடிய பழக்கங்கள் மூன்று. முதலாவது, கணக்கின் ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுங்கள். கிராமை, ஒரு மோலுக்கு இத்தனை கிராம் என்பதால் வகுத்தால் மோல் வரும். அலகு சரியாக வராவிட்டால் விடையும் சரியில்லை. இரண்டாவது, ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் பக்கத்தில் சிறு வட்டங்களாக மூலக்கூறுகளை வரைந்து பாருங்கள். 0.1 மோலார் எத்தனோயிக் அமிலத்தில் நூறு மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் அயனியாகிறது. அதை வரைந்து பார்த்தவருக்கு, அது ஏன் வலிமை குறைந்த அமிலம் என்பது மறக்காது. மூன்றாவது, ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டைப் பிடிக்கும் வேலையை எப்போதும் நண்பரிடமே விட்டுவிடாதீர்கள். 24.5 என்று எழுதுவதற்கும் 24.50 என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு, அளவுக்கோட்டைக் கண்ணால் பார்த்து வாசித்தவருக்கே விளங்கும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பில் “இது பாடத்திட்டத்தில் இல்லை” என்று சொல்லி ஒரு கேள்வியை மூடிவிடாதீர்கள். கால்சியம் ஏன் 2.8.10 இல்லை என்று கேட்கும் மாணவருக்கு முழு விடை இப்போது தேவையில்லை. அது நல்ல கேள்வி, விடை இரண்டு ஆண்டில் வரும் என்று சொன்னாலே போதும்.

கல்லூரியில் முதல் சோதனையில் புள்ளி குறைந்தால், அதை உங்கள் அறிவுக்கு இடப்பட்ட மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படிக்கும் முறையை மாற்றச் சொல்லும் அறிவிப்பு அது. அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல், இன்றைய பாடத்திலிருந்தே ஒரு ‘ஏன்’ கேட்கத் தொடங்குங்கள்.